ஒரு கொம்பு

கிருஷ்ணகிரி அரசு மருத்துவமனைக்கு எதிர்வரிசையில்
மூன்றாவது கடை என்னுடையது.
பன்னுக்கும் ரஸ்குக்கும்
யாரும் விளக்கம் கேட்பதில்லை.
கண்ணாடிப் பெட்டியின் கீழ்த்தட்டில்
சிவப்பும் மஞ்சளுமாய் நிற்கிறதே,
அதற்குத்தான் நாளைக்குப் பத்துக் கேள்வி.

இது ஜாமா?
ஜாம் ரொட்டியில் ஒட்டும். இது எதிலும் ஒட்டாது.
அல்வாவா?
அல்வாவுக்கு நெய் வேண்டும், பொறுமையும்.
வெளிநாட்டில் இருக்கிற மச்சான் வேறு பேர் சொல்றாரே?
அது ஒரு கம்பெனியின் பேர், தம்பி.
வனஸ்பதியை எல்லாம் டால்டா என்றோமே, அப்படி.

மாம்பழ ஜெல்லியில் மாம்பழம் உண்டா?
கூழ் ஆலைக்குப் போகிற லாரிகள்
வாசலில் வரிசை கட்டி நிற்கையில் இதைக் கேட்கிறார்கள்.
வாசனை உண்டு என்பேன்.
ஒரே காயைக் கிளிமூக்கு, பெங்களூரா, தோத்தாபுரி என்று
மூன்று பேர் வைத்து விற்கிற ஊரில்
இதற்கு ஒரு பேர்கூட ஒழுங்காய் உட்காரவில்லை.

சைவமா என்றால் மட்டும் நிதானிப்பேன்.
மேல்தட்டில் இருப்பது கடற்பாசி,
பக்கத்துக் கடை ஷம்ஷாத் ஒரு நோன்பு மாதத்தில் கற்றுத்தந்தது.
கீழ்த்தட்டு எலும்பிலிருந்து வந்த தூள்.
பாக்கெட்டில் பழுப்பு முக்கோணம் இருக்கும், பாருங்கள் என்பேன்.
சிலர் வைத்துவிட்டுப் போவார்கள்.
சிலர் முக்கோணத்தைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு
காசு நீட்டுவார்கள்.

ஆனி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை,
மகளைக் கையில் பிடித்துக்கொண்டு மாதம்மாள் வந்தாள்.
ஜெகதேவிப் பக்கம்.
"எங்க வீட்டுக்காரருக்கு ஜல்லி குடுக்கச் சொன்னாங்க."
டீ குடித்துக்கொண்டிருந்த டிப்பர் டிரைவர் கேட்டான்:
"முக்காலா, அரை இஞ்சா? எத்தனை யூனிட்டு?"
சிரித்தோம்.
அவள் சிரிக்கவில்லை.
"ஜல்லிதாண்ணா அவரு தாடையப் பேத்தது."

திம்மராயன். குவாரியில் துளை போடுகிற ஆள்.
வெடித்து அடங்கியது என்று எல்லோரும் எழுந்தபிறகு
ஒரு கல் மட்டும் தாமதமாய் வந்திருக்கிறது.
மெல்லக் கூடாது.
தானாய் வழுக்கி இறங்குவதாய் ஏதாவது வேண்டும்.

நர்ஸ் எழுதிக் கொடுத்த தாளை வாங்கிப் பார்த்தேன்.
ஜெல்லி.
எழுத்துக்கு முன்னால் ஒரு கொம்பு.
அவ்வளவுதான் வித்தியாசம்.

பாக்கெட்டைத் திருப்பி
மகள் எழுத்துக்கூட்டினாள்:
ஜெ, ல, ட், டி, ன்.
மாதம்மாள் அதை வெடுக்கென்று பிடுங்கி
மெதுவாக, மிக மெதுவாக,
மேசையில் வைத்தாள்.
பிள்ளையைத் தன் முதுகுக்குப் பின்னால் தள்ளினாள்.
"இதையா? குச்சி குச்சியா
பாறைக்குள்ள வெக்கறாங்களே, அதையா
அவரு வாயில வெக்கச் சொல்றீங்க?"

இருபது வருடமாய்க் கேள்விகளுக்குப் பதில் வைத்திருக்கிறேன்.
இதற்கு இல்லை.
பேருதாம்மா ஒண்ணு, பொருள் வேற என்றேன்.
அது கல்லைப் பிளக்கும். இது
என்று ஆரம்பித்து நின்று,
இது எலும்பு, மாட்டு எலும்பைக் காய்ச்சி எடுக்கிறது என்றேன்.
கடற்பாசியும் இருக்கு, வேணும்னா.

"எலும்பா?"
ஆம்புலன்ஸ் ஒன்று திரும்பி உள்ளே போவதைப்
பார்த்துக்கொண்டிருந்தாள்.
"அவருக்கு ஒடஞ்சதும் அதான்.
இதே குடுங்க."

வார்டில் ஏது ஃப்ரிட்ஜ்?
என் பெட்டியிலேயே உறைய வைத்தேன்.
இரண்டரை மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்து
பார்த்தபடியே இருந்தாள்,
பால் பொங்குமோ என்று பார்ப்பதுபோல.
எடுத்துக் கொடுத்தபோது கிண்ணத்தில் அது நடுங்கியது.
"வெடி வெச்சா எங்க குடத்துத் தண்ணியும்
இப்படித்தான் ஆடும்" என்றாள் மகள்.

ஒன்பது நாள் வந்தாள்.
ஒருநாளும் பேர் சொல்லிக் கேட்கவில்லை.
"அந்த நடுங்கறது ஒண்ணு. மாம்பழத்துல."
பத்தாம் நாள் வரவில்லை.
டிஸ்சார்ஜ் ஆகியிருக்கும்
என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

போன வாரம் விலைப்பலகை எழுத வந்த குப்புராஜ்
ஏணியில் நின்று தூரிகையைத் தூக்கிப் பிடித்துக் கேட்டான்:
ஜெல்லிக்குக் கொம்பு உண்டுதானே?
உண்டு, பெருசாவே போடு என்றேன்.